பெரிய கோட்டை இருக்கட்டும், அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசையில் இருப்பது எல்லாமே பொடிப் பொருட்கள், அதனால் கேமராவை நன்றாகக் கிட்டே வைத்திருக்கிறேன். பழைய லெகோ, அதாவது டென்மார்க்கிலிருந்து வரும் அந்தப் பிளாஸ்டிக் கட்டை பொம்மை, என்றதும் பலரும் கேட்பது 1978-இன் மஞ்சள் கோட்டை, 1979-இன் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் விண்கலம், 1989-இன் கடற்கொள்ளையர் கப்பல், இந்த மாதிரிப் பெரிய பெட்டிகளைத்தான். அவையும் அருமையானவைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் தேடித் தேடி வாங்குவது அதே வருடங்களில் வந்த, உள்ளங்கையில் அடங்குகிற குட்டிப் பெட்டிகளை.

இது செட் எண் 885, ஸ்பேஸ் ஸ்கூட்டர். பக்கத்தில் இருப்பது 886, ஸ்பேஸ் பக்கி. இரண்டும் 1979. ஒரு விண்வெளி வீரர், அவர் ஓட்டிப் போக ஒரு வண்டி, அவ்வளவுதான். பெரிய செட்டில் ஐம்பது பிரிக், அதாவது கட்டைகள், சும்மா சுவராக நின்றுகொண்டிருக்கும், யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே அந்த வசதி கிடையாது, கையளவு துண்டுகளில் சக்கரம், கைப்பிடி, ஆன்டெனா, இருக்கை எல்லாம் வந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டும் எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய செட்டை விட இவற்றை மேலே வைப்பேன்.

சரி, விசித்திரமான துண்டுகளுக்கு வருகிறேன். இது மெகாஃபோன். இது தோளில் வைத்துப் படம் பிடிக்கிற சினிமா கேமரா. அந்தக் கால விண்வெளி செட்களில் துப்பாக்கி என்று தனியாக ஒரு துண்டே இல்லை, நிறுவனம் போர் பொம்மைகளிலிருந்து விலகியே நின்றது, கைத்துப்பாக்கியும் நீளத் துப்பாக்கியும் 1989-இல் கடற்கொள்ளையரோடுதான் வந்தன. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, விண்வெளியில் இந்த மெகாஃபோனைத் திருப்பி மாட்டினால் ராக்கெட் குழாய், முன்பக்கம் மாட்டினால் லேசர். கேமராவும் அப்படித்தான். எல்லாவற்றிலும் ஒரே அளவு, 3.18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிடி இருக்கிறது. மினிஃபிகரின், அதாவது லெகோவின் குட்டி மனித பொம்மையின், கை பிடிக்கிற அளவு அது, கிளிப்பும் அதையே பிடிக்கும். ஒரு கைக்கருவி வண்டிப் பாகமாக மாறுவதற்கு அந்த ஒரு அளவு போதும்.

அடுத்தது, இதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். விண்வெளி வீரரின் ஹெல்மெட், தாடைக்குக் கீழே வருகிற மெல்லிய பட்டை. பழைய டப்பாக்களில் கிடைக்கிற ஹெல்மெட்களில் பெரும்பாலும் இந்த இடம்தான் உடைந்திருக்கும், ஏனென்றால் கழற்றி மாட்டும்போதெல்லாம் விசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. பின்னால் வந்த ஹெல்மெட்களில் அந்தப் பட்டையைத் தடிமனாக்கிவிட்டார்கள். 2014-இல் வந்த லெகோ மூவியில் நீல விண்வெளி வீரர் பென்னியின் ஹெல்மெட் சரியாக இதே இடத்தில் உடைந்திருக்கும், பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை வடிவமைத்தவர்களும் இந்தப் பட்டையை உடைத்து வளர்ந்த பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன். உடையாத மெல்லிய பட்டை ஹெல்மெட் ஒன்று கிடைத்தால், தயவுசெய்து அதைக் கழற்றிக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் முடியாது என்றால் ஒரு முறை மட்டும், தலையைப் பார்ப்பதற்காக. எழுபதுகள், எண்பதுகளின் தலைகளில் மேலே இருக்கிற ஸ்டட், அதாவது அந்தச் சின்ன வட்டக் குமிழ், அடைத்திருக்கும். பிறகு வந்த தலைகளில் அதைத் திறந்துவிட்டார்கள், குழந்தை தவறி விழுங்கினாலும் காற்று போக வழி இருக்க வேண்டும் என்று. விற்பவர் '1979 செட், எல்லாம் ஒரிஜினல்' என்று சொல்லி, தலையில் ஓட்டை இருந்தால், அந்தத் தலை எங்கிருந்தோ வந்தது. விலை பேச அது போதும்.

அப்புறம் இது, என்னிடம் இருப்பதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. 6034, பிளாக் மோனார்க்ஸ் கோஸ்ட், 1990. கோட்டை வரிசையில் வந்த குட்டிப் பெட்டி. அதில் ஒரு பேய். மேலே போர்த்தியிருக்கிற இந்தப் போர்வை இருட்டில் ஒளிரும். அதே பேய் அதே வருடத்தில் 6081 என்ற பெரிய மலைக்கோட்டையிலும் வந்தது, ஆனால் அங்கே அது கூட்டத்தில் ஒருவர், இங்கே செட்டே இவருக்காகத்தான். இப்போது போர்வையைத் தூக்குகிறேன். கால் இல்லை பார்த்தீர்களா? கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 1×2 பிரிக், ஒரு 1×2 பிளேட், அதாவது இரண்டு குமிழ் உள்ள ஒரு கட்டையும் அதே அளவில் ஒரு தட்டையான துண்டும். பேய்க்குக் கால் கிடையாது என்பது நமக்கெல்லாம் பாட்டி சொல்லித் தெரியும், டென்மார்க்கில் அதை யார் சொன்னார்களோ. கலந்து விற்கிற டப்பாவில் போர்வை மட்டும் கிடைத்தால் கூடவே இந்த இரண்டு துண்டையும் தேடுங்கள், சாதாரண வெள்ளைத் துண்டுகள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

டப்பாக்களில் தேடும்போது ஒரு சின்ன யூவி (புற ஊதா) டார்ச் வைத்திருங்கள். 1990-இன் எம்-ட்ரான் என்ற விண்வெளி வரிசையில் நியான் பச்சைக் கண்ணாடிகள், 1993-இன் 'ஐஸ் பிளானட் 2002' (2002 என்பது பெயரிலேயே உள்ளது) வரிசையில் நியான் ஆரஞ்சுக் கண்ணாடிகள், சங்கிலி ரம்பத்தின் அலகு வரைக்கும் ஆரஞ்சு. யூவி பட்டதும் இவை பளீரென்று எரியும், குவியலின் அடியிலிருந்தாலும் ஓரம் தெரிந்துவிடும். எம்-ட்ரானில் காந்தங்களும் உண்டு, அவற்றைத் தண்ணீரில் போடாதீர்கள், துருப்பிடிக்கும்.

சாம்பல் நிறத்தில் கவனம் வேண்டும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பலை மாற்றியது. பழையது லேசாக மஞ்சள் ஓடியது, புதியது நீலம் ஓடியது. தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முப்பது துண்டு வண்டியில் ஒரே ஒரு புதுச் சாம்பல் பிளேட் இருந்தாலும் கண்ணைக் குத்தும். விட்டுப்போன துண்டை பிரிக்லிங்க்கில் ஒற்றை ஒற்றையாக வாங்கலாம். 2000-இல் ஒரு ரசிகர் தொடங்கிய தளம், 2019-இல் லெகோவே அதை வாங்கிக்கொண்டது. அங்கேயும் நிறப் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு வாங்குங்கள்.

வெள்ளை மஞ்சளாகிவிட்டது, ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வெளுக்கும், உண்மைதான். ஆனால் மறுபடி மஞ்சளாகலாம், எண்பதுகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அப்படித் திரும்பத் திரும்பப் போட்டு எடுக்க எனக்கு மனமில்லை. அச்சிட்ட துண்டு என்றால் நிச்சயம் வேண்டாம். கன்ட்ரோல் பேனல் படம் அச்சான இந்தச் சாய்வுத் துண்டைப் பாருங்கள், அச்சு தேய்ந்துவிட்டால் திரும்ப வராது. நான் செய்வது இவ்வளவுதான்: 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, கையால் கழுவல், நிழலில் துணி விரித்து உலர்த்தல்.

பெட்டி இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதே துண்டுகளில் செய்யக்கூடிய வேறு வண்டிகளின் படங்கள் இருக்கும், செய்முறை இருக்காது, படத்தைப் பார்த்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வீடியோவில் 886-ஐப் பிரித்துப் போட்டு, வேறொன்றும் சேர்க்காமல், அதே துண்டுகளில் எத்தனை வண்டி வருகிறது என்று பார்க்கப் போகிறேன். உங்களிடம் அந்தச் செட் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே செய்யலாம்.