பந்தியில் ஓர இலை

(பெரம்பூரில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

26 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஆனால் இன்றைக்குப் பேசப்போவது என் வீட்டிலேயே பல வருடம் வாய் திறக்காத விஷயம்: திடீர் திடீரென்று எனக்கு வரும் படபடப்பும் பயமும். அதனால் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பந்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டால் அப்புறம் நடுவில் எழுந்திருக்க முடியாது. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். வடபழனியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சாம்பார் ஊற்றுகிறார்கள், எனக்கு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை ஜில்லென்று ஆகிவிட்டது. உதடு மரத்துப்போனது. செத்துவிடப்போகிறேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் நாத்தனார், "பாயசம் நல்லா இருக்கு அண்ணி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்கிறாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு அந்தச் சிரிப்புதான்.

அதற்கப்புறம் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டேன். கேட்டால், "இன்னைக்கு விரதம்" என்பேன். எல்லாரும் என் பக்தியை மெச்சுவார்கள். எனக்கு உள்ளுக்குள் கூசும். 29சி பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்து சீட் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு நிற்பேன். வகுப்பில் கை நடுங்குவது தெரியக்கூடாது என்று சாக்பீஸை அழுத்திப் பிடிப்பேன், அது உடைந்துவிடும். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, கேட்காமலே வேறு சாக்பீஸ் எடுத்து நீட்டுவாள். அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஏன் இவ்வளவு மறைத்தேன்? நம் ஊரில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால், "என்ன, கீழ்ப்பாக்கமா?" என்று கேட்போம். நானே ஸ்டாஃப் ரூமில் அப்படிக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. 1794இல் சென்னையில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய மருத்துவமனை அது. இன்றைக்கு அதன் பெயர் மனநல மருத்துவ நிலையம். எத்தனையோ குடும்பங்களுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த இடம். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் டாக்டர் சாரதா மேனன் அங்கே பல வருடம் பொறுப்பில் இருந்தார். அப்படிப்பட்ட இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த வசை என்மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நான் 11 வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை ராத்திரி படபடப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். இதயத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துச் சொன்னது சரி, அது அவசியமும்கூட. ஆனால் "ஒண்ணுமில்லை" என்பது தவறு. மனசுதான் என்றால் அதற்கு எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் இன்னும் மூன்று வருடம் போனது. வீட்டில் "கேஸ் ட்ரபிள்" என்று பெயர் வைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்.

படபடப்பு வரும்போது உடம்பில் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை தவறாக மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்குத் தயாராக இதயம் வேகமெடுக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதடும் விரலும் மரத்துப்போகின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். ஆனால் நாம் அதற்குள் எழுந்து ஓடிவிடுகிறோம். ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த முறை மணி இன்னும் சத்தமாக அடிக்கிறது. என் விரதமெல்லாம் அந்தத் தப்புக் கணக்குக்கு நான் போட்ட டிக் மார்க்.

கடைசியில், தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்று தாம்பரம் தாண்டி ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். எதிர் பெஞ்சில் என் மாணவன் ஒருவனின் அப்பா! இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். கால் மணி நேரம் கழித்து, "டீச்சர், உங்க டோக்கன் என்ன?" என்று கேட்டார். "பதினேழு" என்றேன். "எனக்குப் பதினாலு. லேட்டாகும், வாங்க, டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றார். அந்த டீக்கடை வாசலில்தான் முதன்முதலாக, "எனக்குப் படபடப்பு வரும் சார்" என்று சத்தமாகச் சொன்னேன். "எனக்கும்தான் டீச்சர்" என்றார்.

மாத்திரை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். "தூக்க மாத்திரைதானே, பழகிடுமே" என்கிறார்கள். நீண்ட நாள் சிகிச்சைக்குப் பெரும்பாலும் தரும் மாத்திரைகள் தூக்க மாத்திரை கிடையாது. அவை வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. மாத்திரையோடு, பயப்படும் இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகும் பேச்சு சிகிச்சையும் எனக்கு நடந்தது. முதல் வாரம் மண்டபத்து வாசல், அப்புறம் கடைசி நாற்காலி, அப்புறம் பந்தியில் ஓர இலை.

2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதற்றம், மனச்சோர்வு போன்ற சிக்கல் உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்று தெரிந்தது. இந்த மண்டபத்திலும் அந்த 85இல் சிலர் இருப்பீர்கள். 2017ஆம் வருடத்து மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கிடைப்பதுபோலவே இதற்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருகிறவர்களுக்கு, 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பு இருக்கிறது: 044-24640050. குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ரொம்ப யோசிக்காதே" என்று சொல்லாதீர்கள், யோசிக்காமல் இருக்க முடிந்தால் யோசிக்க மாட்டோம். பந்தியில் யாராவது ஓர இலை கேட்டால், ஏன் என்று கேட்காமல் நகர்ந்து உட்காருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மைக்கில் கேட்கச் சங்கடப்படுகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து பெஞ்சுக்கு வாருங்கள். எட்டு மணி வரை அங்கேதான் இருப்பேன்.