காரச் சட்னி பாட்டில் ஏன் துப்புகிறது?

[திரையில்: இலையில் நான்கு வெள்ளைப் பணியாரம். மேலே தலைகீழாக ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.]

வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்ச் சட்னிதான், அதுவும் மூக்கில் நீர் வடிகிற காரத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். போன தீபாவளிக்கு நான் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டினேன். சட்னியைப் பிதுக்குகிற பாட்டிலில் அடைத்து, சித்தப்பா இலைக்கு மேல் கவிழ்த்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். 'புர்ர்' என்று ஒரு சத்தம். பணியாரத்தில் மூன்று சொட்டு, மீதியெல்லாம் புது வேட்டியில்.

"இதுக்குத்தானப்பா கரண்டின்னு ஒண்ணு இருக்கு" என்றார் அப்பத்தா.

அவர் சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் பாட்டில் ஏன் துப்பியது?

[திரையில்: பாட்டில் மூக்கு, மிக அருகில். துளையில் ஒரு மிளகாய்த் தோல்.]

இதோ பாருங்கள், நகக்கண் அளவுத் தோல். துளையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாட்டிலில் பாதிக்கு மேல் காற்று. நான் அழுத்த அழுத்த உள்ளே காற்று சுருங்குகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அடிப்பது போலத்தான். தோல் விலகிய நொடியில் அத்தனை அழுத்தமும் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. கூடவே ஒரு காற்றுக் குமிழி வந்து வெடித்தால், சட்னி பூந்தூறலாகிவிடும்.

ஆகவே முதல் வேலை அரைப்பதில் இருக்கிறது. மிளகாயை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைய அரைத்து, வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். தாளிப்பைப் பாட்டிலில் கொட்டவே கூடாது. கடுகும் உளுந்தும் துளைக்கு எமன். தாளித்ததைத் தட்டில் மேலே போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் கை வாகு. மூடியபடி நன்றாகக் குலுக்குங்கள். அசையாமல் இருக்கும்போது கெட்டியாக நிற்கிற சட்னி, குலுக்கினால் இளகும். கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, சட்னி மூக்குக்கு இறங்கும்வரை பொறுங்கள். இப்போது மெதுவாக அழுத்துங்கள். போதும் என்றதும் பிடியைத் தளர்த்திவிட்டு நிமிர்த்துங்கள். பாட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது நுனியில் தொங்கும் சொட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அழுத்தியபடியே நிமிர்த்தினால் அந்தச் சொட்டு உங்கள் விரலுக்கு.

கடையில் வாங்கும் கண்ணாடிப் பாட்டில் சாஸ் வேறு சாதி. 1868-லிருந்து அமெரிக்காவின் லூசியானாவில் செய்யப்படும் டபாஸ்கோ மிளகாய் சாஸைப் பார்த்தால் கழுத்தில் சின்னத் துளையோடு ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். சொட்டுச் சொட்டாக விழுவது அதனால்தான். அவசரப்பட்டு அதைக் கத்தியால் நெம்பி எடுப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். வினிகர் போட்ட நீர்த்த சாஸுக்குத்தான் அந்த ஏற்பாடு. எண்ணெய் மிதக்கும் நம் சட்னிக்குப் பீங்கான் ஜாடியும் சின்னக் கரண்டியும்தான் என் ஓட்டு. அப்பத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

[திரையில்: சிவந்த எண்ணெய் படிந்த விரல்கள்.]

சரி, சிந்திவிட்டது. இனிமேல்தான் நிஜமான தொல்லை. காரத்துக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குழாயில் கையைக் காட்டினால் காரம் போகாது, பரவும். முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் தேய்த்துத் துணியில் துடையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, கடைசியில் தண்ணீர். அதுவரை கண்ணைக் கசக்காதீர்கள். கண்ணில் பட்டேவிட்டால் எண்ணெயும் வேண்டாம், பாலும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் நிறைய நேரம் கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். வாய் எரிந்தால் பால், தயிர்.

நாக்கில் காப்சைசின் நிஜச் சூட்டையே உணரும் ஏற்பியை, அதாவது நரம்பில் இருக்கும் உணரியை, தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. 2023-இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏறிய பெப்பர் எக்ஸ், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் சுமார் 26.93 லட்சம். அந்த ரகத்துச் சாஸ் யாராவது வாங்கி வந்தால் ஊற்றவே வேண்டாம், பல்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள். சட்னி வைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் பிறகு குழந்தைக்குத் தேன் ஊற்றி வைக்காதீர்கள். எண்ணெயோடு காரமும் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும்.

வேட்டிக்கு? தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அரிசி மாவைத் தூவி எண்ணெய் உறிஞ்சவிட்டு, தண்ணீர் படுமுன் சோப்பைத் தடவினோம். அலசி முற்றத்து வெயிலில் காயப்போட்டோம். மிளகாயின் சிவப்பு வெயிலுக்கு வெளுக்கும். இரண்டு நாளில் லேசான மஞ்சள் வளையம்தான் மிஞ்சியது. சித்தப்பா அதே வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார். என் கையில் பாட்டிலைப் பார்த்தால் மட்டும் பந்தியில் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.