ஓநாய்க்குக் காடு வேண்டாம், மேய்ச்சல் நிலம் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓநாயைப் பற்றிப் பேச ஒரு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆட்டைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கினவர், இப்போது ஆட்டைத் தின்கிறதற்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டாரே என்பார்கள். சொல்லட்டும். ஓநாய்க்காக யார் என்ன பேசினாலும், ஆட்டுக்காரர் காது கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சால் பிரயோஜனம் இல்லை. அதனால் அவர்களை மனதில் வைத்தே பேசுகிறேன்.

எந்த ஓநாய் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலண்டர் படத்தில் பனிமேல் நின்று ஊளையிடுமே, அடர்ந்த ரோமத்தோடு, அது இல்லை. தக்காணத்து மேட்டுநிலங்களில் திரியும் நம் ஓநாய்க்கு மெலிந்த உடம்பு, நீளக் கால், குட்டை ரோமம். எடை இருபது கிலோவை ஒட்டி இருக்கும். தூரத்தில் பார்த்தால் நாட்டு நாய் என்றே நினைப்பீர்கள். செந்நாயைப் பார்த்துவிட்டு ஓநாய் என்று சொல்வதும் நம் பக்கத்தில் சகஜம். செந்நாய் வேறு இனம், காட்டுக்குள் கூட்டமாக வேட்டையாடுவது. ஓநாய் வெட்டவெளிப் பிராணி.

உருவத்தில் சிறியதே தவிர, வம்சத்தில் மிகப் பழையது. 2021-இல் இதன் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள், உலகில் இன்று உயிரோடு இருக்கும் ஓநாய் வம்சங்களில் மிக முன்னதாகவே பிரிந்து வந்தவற்றில் இதுவும் ஒன்று என்று கண்டார்கள். இது போய்விட்டால் கனடாவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ கொண்டுவந்து விட்டு ஈடுகட்ட முடியாது.

இந்தியாவில் எத்தனை மிச்சம்? டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 3,100. புலிக்கு 2022 கணக்கெடுப்பின் சராசரி 3,682. அதாவது, நாடே கவலைப்படும் புலியைவிட ஓநாய் குறைவு. புலிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருக்கின்றன. ஓநாய் பேரில் சரணாலயம் என்று பார்த்தால் ஜார்க்கண்டில் 1976-இல் அறிவித்த மகுவாடாண்ட், அப்புறம் கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் அண்மையில் அறிவித்த பங்காப்பூர், அவ்வளவுதான் சொல்லலாம். சட்டத்தில் மட்டும் குறை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குச் சமமாக ஓநாயும் இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் ஓநாய்த் தலைக்குச் சன்மானம் கொடுத்தார்கள். 1875-இலிருந்து 1925 வரை ஐம்பது ஆண்டுகளில் சுமார் 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதே காலத்தில் கொல்லப்பட்ட புலிகள் 80,000-க்கு மேல். புலியைச் சுட்டவன் அதன்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். ஓநாய்க்கு அந்த மரியாதையும் இல்லை. வளையில் புகை போட்டுக் குட்டிகளைக் கொன்று, காசு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சரி, அது பழைய கதை. இன்றைக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய ஆபத்து ஒரு வருவாய்த்துறைச் சொல்லில் இருக்கிறது. தரிசு.

பணி ஓய்வுக்குப் பிறகு சில காலம் கொப்பள் பக்கம், கங்காவதியைச் சுற்றி, ஆடு மேய்க்கும் குறும்பர்களின் மந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தேன். பாறைக் குன்றுகள், இடையிடையே முழங்கால் உயரப் புல், அங்கங்கே முள்செடி. பகலில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடம் போலத்தான் இருக்கும். அதே இடத்தில் முயல், கவுதாரி, எலி, நரி, எல்லாவற்றுக்கும் மேலே ஓநாய். குளிர்காலத்தில் பாறை இடுக்கிலோ மண் வளையிலோ குட்டி போடும். தாயும் தகப்பனும் தின்றுவிட்டு வந்து குட்டிகளுக்கு இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். ஒரு ஓநாய்க் குடும்பம் பிழைக்க நூறு, இருநூறு சதுர கிலோமீட்டர் கூடத் தேவைப்படும். அவ்வளவு நிலத்தையும் சரணாலயமாக்கி வேலி போட யாராலும் ஆகாது. அதனால்தான் பங்காப்பூரை நான் வரவேற்றாலும், அதை வைத்து ஓநாய் பிழைத்துவிடும் என்று நம்பவில்லை. அது குட்டி போடப் பத்திரமான இடம். பசித்தால் ஓநாய் வெளியேதான் வரும், ஆடு மேயும் நிலத்துக்கு.

அந்த வெளி நிலம் அரசுப் பதிவுகளில் பெரும்பாலும் தரிசு. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்மண்டிய புல்வெளிகளும் சேர்த்தி. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையும் கொண்டுவரலாம் என்று ஆகிவிடுகிறது. தொழிற்பேட்டை வரும், சூரிய மின்தகடு வரும், ஒன்றும் வராவிட்டால் மரம் நடும் விழா வரும்.

மரம் நடுவதைக் குறை சொன்னால் நம் ஊரில் அடிக்க வருவார்கள், தெரியும். ஆனால் சோலாப்பூர்ப் பக்கம் புல்வெளியில் வரிசை வரிசையாகக் கிளைரிசிடியா மரம் நட்டார்களே, அதனால் யாருக்கு என்ன லாபம்? புல் போயிற்று. புல்லை நம்பிய மானும் ஆடும் போயின. நிழலில் ஓநாய்க்கு வேலை இல்லை. சீமைக்கருவேலத்தை நல்லது என்று கொண்டுவந்து இன்று வேரோடு பிடுங்க ஜேசிபி வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காங்கயம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் போய், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் அவர் நிலத்தைத் தரிசு என்று சொல்லிப் பாருங்கள். என்ன கிடைக்கும் என்று அவரே சொல்வார். புல்நிலத்தின் விலை மாடு, ஆடு வைத்திருப்பவருக்குத் தெரியும். ஓநாய் பிழைக்க வேண்டுமென்றால் முதலில் ஆட்டுக்காரரின் மேய்ச்சல் நிலம் பிழைக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான்.

இப்போது ஆட்டுக்கு வருவோம். ஓநாய் ஆடு தின்னுமா என்றால், தின்னும். வெளிமான் கூட்டங்கள் குறைந்துபோன பல இடங்களில் அதன் பிரதான இரையே ஆடுதான். இதை மறைத்துப் பேசுகிற பாதுகாவலர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் ஓநாய் மேல் விழும் பழியில் எவ்வளவு நாய் மேல் விழ வேண்டியது என்பதைச் செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கிறவனால் சொல்ல முடியும்.

நான் பார்க்கும் முறை இது. முதலில் கழுத்துத் தோலை உரித்து உள்பக்கம் பார்ப்பேன். உயிரோடு இருக்கும்போது கடி விழுந்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கன்றிக் கறுத்திருக்கும். செத்த பிறகு எதுவோ வந்து கடித்திருந்தால் அந்தக் கன்றல் இருக்காது. ஓநாய் பழகிய வேட்டைக்காரன். பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும், ஒன்றைக் கொல்லும், முடிந்தால் இழுத்துக்கொண்டு போகும். தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்தால் கதையே வேறு. தொடை கிழிந்திருக்கும், காது அறுந்திருக்கும், மடி பிய்ந்திருக்கும், பட்டி முழுக்க ரோமம் பறந்து கிடக்கும். ஏழெட்டு ஆடு குற்றுயிராகக் கிடக்கும், ஒன்றையும் தின்றிருக்காது. ஆட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஆனால் ஓநாய் கொன்றது என்று எழுதினால் இழப்பீடு வர வழியுண்டு, நாய் கடித்தது என்றால் அந்தக் கணக்கில் வராது. அப்புறம் எதை எழுதச் சொல்வார்?

அந்த இழப்பீடும் லேசில் கைக்கு வருவதில்லை. குறித்த நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், வனத்துறை ஆள் வந்து பார்க்க வேண்டும், மருத்துவர் சான்று வேண்டும், பிறகு வங்கிக் கணக்கு, ஆதார் நகல். மந்தையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறவர் இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் இன்னொரு ஊர். காகிதம் நகர்வதற்குள் அவர் இரண்டு தாலுகா தாண்டிவிடுவார். நான் எழுதிக் கொடுத்த சான்று ஒன்று, மழையில் நனைந்து நாலாக மடிந்து, ஒரு பெரியவரின் தலைப்பாகைக்குள்ளேயே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் அதை எங்கும் கொடுக்கவே இல்லை. "போகட்டும் டாக்டரே, அதுக்கும் குட்டி இருக்கும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை நம்பியே இந்த நாட்டில் 3,000 ஓநாய்கள் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். அடுத்த தலைமுறையிலும் அது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆட்டுக்கு ஆகும் இழப்பை ஆட்டுக்காரர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? அலைபேசியில் பதிவு செய்து அந்த வாரமே பணம் போடும் ஏற்பாடு இன்று முடியாத காரியமா?

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு, இந்த நோய்கள் ஒரு மந்தையில் புகுந்தால் வாரிக்கொண்டு போவதற்கு முன்னால் ஓநாய் எம்மாத்திரம். தடுப்பூசியை நேரத்துக்குப் போட்டுக் காப்பாற்றும் ஆடுகளில் ஒன்றிரண்டை ஓநாய்க்கு விட்டாலும் மந்தைக்காரருக்கு மிச்சம்தான். ஓநாய்ப் பாதுகாப்பு என்று செலவழிக்க நினைக்கிறவர்கள், ஆட்டுத் தடுப்பூசிக்கும் பட்டி வலைக்கும் செலவழித்தால் அதைவிட நல்ல காரியம் வேறில்லை.

இனி, பேசக் கஷ்டமான விஷயம். 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பத்துப் பேர் வரை கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். ஓநாய்களைப் பிடிக்க ஆபரேஷன் பேடியா (இந்தியில் பேடியா என்றால் ஓநாய்) என்று பெயர் வைத்து வனத்துறை டிரோனும் கூண்டுமாகத் திரிந்தது. ஓநாய் மனிதனைத் தாக்கவே தாக்காது என்று வாதாடுகிறவர்கள் அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? தாக்கும். அரிதாக, சில வட்டாரங்களில், சில விலங்குகள் அப்படி ஆகின்றன. அங்கே செத்த குழந்தைகளில் பலர் கதவில்லாத வீடுகளிலும் திண்ணையிலும் தூங்கியவர்கள். மனிதரைத் தாக்கும் அந்த விலங்கை உடனே பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே வேகத்தில் அந்த வீடுகளுக்குக் கதவும் கழிப்பறையும் தெருவிளக்கும் வர வேண்டும். ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் தக்காணத்தில் ஒருவரையும் தொடாத ஓநாயின் வளையை அடைப்பது அநியாயம்.

மருத்துவனாக எனக்குத் தூக்கம் கெடுக்கிற கவலை வேறு. நாய். ஊருக்கு வெளியே கோழிக் கழிவைக் கொட்டுகிறோம், அதைத் தின்று நாய்க் கூட்டம் பெருகுகிறது, அது புல்வெளிக்குப் போகிறது. வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயும் அதனோடு போகின்றன. ஐந்தாறு பேர் கொண்ட ஓநாய்க் குடும்பத்தில் டிஸ்டெம்பர் புகுந்தால் குடும்பமே முடிந்துபோகலாம். இன்னொன்று, கலப்பு. ஓநாயும் நாயும் சேர்ந்தால் குட்டி போடும், அந்தக் குட்டியும் இனம் பெருக்கும். புனேக்குப் பக்கத்துப் புல்வெளியில் மஞ்சள் படிந்த நிறத்தில் ஒரு விலங்கைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ரோமத்தைச் சோதித்தார்கள். நாய்க் கலப்பு என்று மரபணுவில் உறுதியானது. அந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மிகப் பழமையான வம்சம் துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் இப்படிக் கரைந்துபோகலாம்.

இவ்வளவு சொல்லி என்ன பயன், குரல் கொடுத்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டால், இத்தாலியைக் காட்டுவேன். 1970-களின் தொடக்கத்தில் அங்கே மிஞ்சியிருந்தவை சுமார் 100. அதுவரை ஓநாய் அங்கே கொன்றால் சன்மானம் கிடைக்கும் பிராணி. அந்த நேரத்தில் அப்ருஸ்ஸோ தேசியப் பூங்காவும் உலக இயற்கை நிதியத்தின் இத்தாலியக் கிளையும் சேர்ந்து, ஓநாயோடு சமாதானம் பேசியதாகக் கதை உள்ள புனித பிரான்சிஸின் பெயரிலேயே ஓர் இயக்கம் நடத்தின. மக்களிடம் பேசினார்கள், கணக்கெடுத்தார்கள், சட்டம் கொண்டுவர வைத்தார்கள். 1971-இல் வேட்டைக்குத் தடை வந்தது. 2020-21 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 3,300 ஓநாய்கள். இந்தியா முழுமைக்கும் நம்மிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். பெருகிய பிறகு இப்போது ஐரோப்பாவில் பாதுகாப்பைத் தளர்த்தும் சண்டை நடக்கிறது, 2025-இல் தளர்த்தியும் விட்டார்கள். அங்கேயும் ஆட்டுக்காரர்களின் கோபம்தான் முதல் காரணம். அவர்களை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி அவர்களிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டி இருப்பீர்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு, வருவாய்த்துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் எத்தனை ஏக்கர், தரையில் இன்று எத்தனை ஏக்கர்? கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேட்கிறவருக்கு அது கை கொடுக்கும். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் எப்போது என்று அப்படியே கால்நடை மருந்தகத்திலும் கேட்டு வையுங்கள்.

கேமராவோடு கொப்பளுக்கும் சோலாப்பூருக்கும் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஓநாயை வண்டியில் துரத்திப் படம் எடுக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் குட்டி இருக்கும் வளை கண்ணில் பட்டால் இடத்தின் பெயரைப் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருபது கார் நிற்கும், தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போகும். போகிற வழியில் நெடுஞ்சாலை இருக்கிறது.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.