அரைக்காலுக்குள் ஒரு பெருக்கல்

(காட்சி: தட்டுத் தராசு. ஒரு தட்டில் கால் கிலோ எடைக்கல், பக்கத்தில் ஒரு கிண்ணம் துவரம்பருப்பு.)

வணக்கம். பின்னங்களைப் பெருக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்கும் வரும் சந்தேகம் இது: "பெருக்கினால் எண் பெரிதாகத்தானே வேண்டும்? அரையையும் காலையும் பெருக்கினால் ஏன் இரண்டையும்விடச் சின்ன எண் வருகிறது?"

மிக நல்ல கேள்வி. 'விதி அப்படித்தான்' என்று சொல்லி அந்தக் குழந்தையின் வாயை அடைத்துவிடாதீர்கள். தராசை எடுங்கள். வட்டம் வரைந்து வண்ணம் தீட்டிக் காட்டுவதைவிட எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

முதலில் கால் கிலோ பருப்பை நிறுத்துக்கொள்வோம். முள் நேராக நிற்கிறது. இப்போது எடைக்கல்லை எடுத்து ஓரமாக வையுங்கள். பருப்புத் தட்டு சட்டென்று தாழ்கிறது, பாருங்கள். அதிலிருந்து பிடிப்பிடியாக அள்ளிக் காலித் தட்டில் போடுங்கள். தாழ்ந்த தட்டு மெல்ல மேலே வருகிறது. கடைசியில் இங்கே ஒரு சிட்டிகை, அங்கே ஒரு சிட்டிகை. முள் மறுபடி நேராகிவிட்டது. ஒவ்வொரு தட்டிலும் 125 கிராம். அந்த அளவுக்கு நம்மிடம் எடைக்கல்லே இல்லை!

காலைப் பாதியாக்கினோம். அதற்குத் தமிழில் பெயர் அரைக்கால். சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அரை, கால். காலில் அரை. அதாவது 1/2 × 1/4. எட்டு அரைக்கால் சேர்ந்தால் ஒரு கிலோ. ஆகவே விடை 1/8. பெருக்கல் குறி வருகிற இடத்தில் 'இல்' என்று வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். காலில் அரையை எடுத்தால் அது காலைவிடக் குறைவாகத்தானே இருக்கும்?

(காட்சி: ஒரு தட்டுப் பருப்பு மறுபடி இரண்டாகப் பிரிகிறது.)

அரைக்காலையும் பாதியாக்கினால் வீசம், 1/16. 1957 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். நாலணா, கால் ரூபாய். நயா பைசா வந்த பிறகும் 25 காசை நாலணா என்றுதான் சொன்னோம். 4/16, 25/100 இரண்டும் ஒன்றே என்பதைக் கடைவீதி அவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டது.

ஒரு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டால் 'முக்காலே மூன்று வீசம் முடிந்தது' என்பார்கள். அது எவ்வளவு? 3/4 + 3/16. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 6/20 என்று எழுதிவிடுவார்கள் பிள்ளைகள். திட்ட வேண்டாம். 'இது அரையைவிடப் பெரிதா, சிறிதா?' என்று மட்டும் கேளுங்கள். இருபதில் பாதி பத்து. ஆறு அதற்கும் கீழே. முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரைகூடத் தேறவில்லையென்றால், எங்கோ பிசகிவிட்டது என்று பிள்ளைக்கே புரிந்துவிடும்.

(காட்சி: பதினாறு நாணயங்கள் வரிசையாக.)

எல்லாவற்றையும் அணாவாக மாற்றிவிடுவோம். முக்கால் ரூபாய், பன்னிரண்டு அணா. மூன்று வீசம், மூன்று அணா. வகுப்பில் 'பகுதிகளைச் சமமாக்கு' என்று சொல்வது இதைத்தான். இப்போது கூட்டுங்கள்: 12/16 + 3/16. பதினைந்து அணா. முழு ரூபாய்க்கு இன்னும் ஓர் அணாதான் குறைகிறது.