தொண்டையில் தொடங்கிய கதை

நேயர்களுக்கு வணக்கம். கடைசியாக உங்களுக்குத் தொண்டைவலி வந்தது எப்போது? ஞாபகம் இருக்காது. எனக்கும் இருப்பதில்லை. ஆனால் மூட்டு வீங்கி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு தாய் தன் பத்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் வலது முழங்கால் வீங்கியதாம். அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் இடது முழங்கால். "வீக்கம் கண்ணாமூச்சி ஆடுது டாக்டர்" என்றார். தொண்டைவலி வந்ததா என்று கேட்டேன். "அது மூணு வாரம் முன்னாடியே சரியாப் போச்சே! கால்வலிக்கு எதுக்குத் தொண்டையைக் கேக்கறீங்க?" நியாயமான கேள்வி. நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். லப்-டப்புக்கு நடுவே 'உஸ்' என்று ஒரு சத்தம். இதய வால்வு ஒன்று சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது.

கூட்டத்தில் முதுகைப் பார்த்து, நம் ஆள் என்று நினைத்துத் தோளில் தட்டியிருப்பீர்கள். திரும்பினால் வேறு யாரோ! இங்கேயும் அதேதான். தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறைப் புரதம், நம் இதயத் தசைப் புரதத்தின் சாயலில் இருக்கும். கிருமியை அடிக்கத் தயாரான எதிர்ப்பணுக்கள் இதயத்தையும் அடிக்கின்றன. ஒரே வித்தியாசம், இவை மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகுவதில்லை. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல்.

மறுபடியும் சொல்கிறேன்: கிருமி இதயத்துக்குள் போகவே இல்லை. தொண்டையோடு சரி. கெடுத்தது நம் சொந்தக் காவல்.

எல்லாத் தொண்டைவலிக்கும் பயப்படவேண்டாம். பெரும்பாலும் வைரஸ்தான், தானே போய்விடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன நாள்வரை பென்சிலினை முடியுங்கள். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறோமே, அங்கேதான் கோளாறு. அந்தச் சிறுமிக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. ஒவ்வொரு தடவையும் அழுவாள், ஆனாலும் வருவாள்.

சரி, கிருமி வந்த எல்லோருக்கும் இப்படி ஆகிறதா? இல்லை. இன்னொரு கிருமியைப் பாருங்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேலானவர்களின் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது. நரம்புறையைத் தன் உடம்பே அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அபாயம், அந்தத் தொற்றுக்குப் பிறகு 32 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை வைத்து 2022-இல் கண்டார்கள். அப்படியும் நோய் வருவது மிகச் சிலருக்கே. பரம்பரையும் சேரவேண்டும். பரம்பரை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு, மூட்டுகளைத் தன் உடம்பே தாக்கும் முடக்குவாதம் வந்தாலும் மற்றவர் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தொண்டையிலேயே நின்றுவிட்டேன், என் பழக்கம் அது! முடக்குவாதத்தைத் தூண்டும் புகையைப் பற்றி இரண்டே வரி. சிகரெட் புகை நுரையீரலில் புரதங்களின் வடிவத்தை மாற்றுகிறது. உடம்பு அவற்றை அந்நியமாக நினைக்கிறது. மூட்டு வலிக்கப் பல வருடம் முன்பே ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பணுக்கள் தெரிய ஆரம்பிக்கலாம். கல் உடைப்பவர்கள் சுவாசிக்கும் சிலிக்கா தூசியும் முடக்குவாதத்துக்கு வழிவிடும். தோல், மூட்டு என்று பல இடங்களைத் தன் உடம்பே தாக்கும் லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் பட்டால் நோய் கிளம்பும். தொப்பி, முழுக்கை சட்டை அவசியம். வணக்கம்.