மதில்மேல் பூனைக்காக ஒரு வாதம்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு பக்கமும் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பேச்சாளர்களே, பந்தலுக்கு வெளியே நிற்கும் வேர்க்கடலை வண்டிக்காரரே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்தை நீட்ட நேரமில்லை. நடுவரின் கை இப்போதே மணிமேல் இருக்கிறது.

'கடவுள் உண்டு, இல்லை, தெரியவில்லை: இவற்றில் நேர்மையான பதில் எது?' இதுதான் தலைப்பு. மூன்றாவது அணிக்கு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பங்குனி உத்திரப் பந்தலில், சாமி புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, சாமி இருக்கிறாரா என்று கேட்கவைத்த விழாக்குழுவின் தைரியத்துக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். ஒருவேளை இது தைரியம் இல்லை, பழக்கம்தானோ என்னவோ! புகார் நகரத்து இந்திர விழாவில் யானைமேல் முரசேற்றி அறிவித்தார்களாம்: 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று. மணிமேகலையில் இருக்கிறது. அதே அறிவிப்பில், பகைவரோடும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்றும் இருக்கிறது. அதைக் கறுப்புச் சட்டை அண்ணனுக்கு நினைவுபடுத்துகிறேன். ஏனென்றால், அவர் என்ன சொன்னார்?

"தெரியவில்லை என்கிறவர்கள் மதில்மேல் பூனைகள். எந்தப் பக்கம் பால் கிண்ணம் தெரிகிறதோ, அந்தப் பக்கம் குதிப்பார்கள்." நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன் ஐயா. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இனிமேல் பூனைதான்.

எங்கள் தெருவில் உண்மையிலேயே ஒரு மதில், உண்மையிலேயே ஒரு பூனை. மதிலுக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தாசில்தார் வீடு. வாசலில் வேல், கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம். அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. கூடத்தில் பெரியார் படம், கொண்டாடுவது பொங்கல் மட்டும். முருங்கைக் கிளை ஒன்று எல்லை தாண்டிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. தாசில்தார் பூனைக்கு 'மீனாட்சி' என்று பெயர் வைத்தார். தலைமையாசிரியர் 'புரட்சி' என்று வைத்தார். எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அது வரும். கிருத்திகையன்று மீனாட்சிக்கு இந்தப் பக்கம் பால் மட்டும்தான் என்பதால், நெத்திலித் தலைக்கு அந்தப் பக்கம் புரட்சியாகிவிடும். அண்ணா, அதுவரை நீங்கள் சொன்னது சரி. தீனிக்குத்தான் குதித்தது.

ஆனால் அந்த இரண்டு வீட்டையும் உள்ளே போய்ப் பார்த்த ஒரே ஜீவன் அதுதானே? தாசில்தார் தூக்கம் வராத ராத்திரியில் பூஜை அறை வாசலில் உட்கார்ந்து, "நீ இருக்கிறாயா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்று கேட்டதை அது பார்த்திருக்கும். தலைமையாசிரியர் வீட்டில் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்த நாளில், சமையலறை அலமாரியில் ரவை டப்பாவுக்குப் பின்னால் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கும். பூனை என்னிடம் சொல்லவில்லை. இரண்டையும் அந்தந்த வீட்டு அம்மாள்தான் சொன்னார்கள், மேடையில் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டு. கூட்டத்தில் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

பின்வரிசையில் சிரிப்பைக் காணோமே, கேட்கவில்லையா? மறுபடியும் சொல்கிறேன். பெரியார் படம் கூடத்தில். பிள்ளையார் எங்கே? ரவை டப்பாவுக்குப் பின்னால்! தலைமையாசிரியருக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீட்டில் உப்புமா சாப்பிடும் வழக்கம் இல்லையாம்.

பூனையை விட்டு ஒரு நிமிடம் தலைப்புக்கும் வருகிறேன், நடுவர் மதிப்பெண் போட வேண்டுமே. நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி. தெரியுமா என்பது வேறு கேள்வி. ஆத்திகரும் நாத்திகரும் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். நாங்கள் இரண்டாவது கேள்விக்குச் சொல்கிறோம். நம்பிக்கொண்டே தெரியவில்லை என்பவரும் உண்டு, நம்பாமலே தெரியவில்லை என்பவரும் உண்டு. இந்த நிலைக்கு 1869இல் ஆங்கிலத்தில் 'அக்னாஸ்டிக்' என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினுக்காக ஊரெல்லாம் சண்டை போட்டதால் அவருக்கு 'டார்வினின் புல்டாக்' என்று பட்டம். அண்ணன் எங்களைப் பூனை என்றார்; எங்கள் தலைவரையே உலகம் நாய் என்றுதான் சொல்லியிருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது! ஆத்திக அணி அக்கா சிரிக்கிறார்கள். அக்கா, ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு, நாசதீய சூக்தம். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. அந்த ரிஷியை எந்த அணியில் உட்காரவைப்பது?

அந்த ஹக்ஸ்லிக்கு ஒரு மகன் இருந்தான். நோயல் என்று பெயர், தலைச்சன் பிள்ளை. 1860 செப்டம்பரில், நான்கு வயது நிறைவதற்குள், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டான். கிங்ஸ்லி என்ற பாதிரியார் நண்பர் ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லி நீண்ட பதில் எழுதினார்: மனிதனுக்குச் சாவுக்குப் பிறகும் வாழ்வு உண்டு என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, நம்பக் காரணம் தெரியவில்லை, பொய் என்று காட்டவும் வழியில்லை. பால் கிண்ணத்துக்காகக் குதிக்கிறவர் என்றால் அண்ணா, அன்றைக்குக் குதித்திருக்க வேண்டாமா? பிள்ளையை மறுபடி பார்க்கலாம் என்பதைவிடப் பெரிய கிண்ணம் எது?

என் அம்மா போன அன்று வீட்டில் சித்தி, "அக்கா முருகனிடம் போய்விட்டாள்" என்று அழுதார். மாமா, "மண்ணோடு மண், அவ்வளவுதான்" என்று அழுதார். இருவர் அழுததும் ஒரே அழுகைதான். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நேரே என் அப்பாவிடம் போய், "தாத்தா, பாட்டி எங்கே போயிருக்கிறாள்?" என்று கேட்டாள். திருநீறு பூசாமல் ஒரு நாளும் வாசல் தாண்டாத மனிதர். அவளை மடியில் உட்காரவைத்து, "தெரியவில்லை கண்ணு" என்றார்.

மறுநாள் விடிகாலையில் அப்பாவே காப்பி போட்டார், பழக்கத்தில் இரண்டு டம்ளர். ஒன்றைக் குடித்தார். இன்னொன்று அடுப்பு மேடையிலேயே இருந்தது. "அது யாருக்கு தாத்தா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் காப்பியை அவர் குடிக்கவும் இல்லை, என்னைக் கொட்டவிடவும் இல்லை. ஆடை படிந்து, சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. வணக்கம்.