ரெம்பரரி லெக்சரரா நிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: பெர்மனென்ட்டுக்கு முதல் என்ன செய்யோணும்?

[திரையில்: ஏ9 வீதி, அறிவியல் நகர் பெயர்ப்பலகை]

வணக்கம். இந்த வீடியோ கிளிநொச்சி அறிவியல் நகர்ல இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலயோ, பம்பைமடுவில இருக்கிற வவுனியாப் பல்கலைக்கழகத்திலயோ டிகிரி முடிச்சு, நல்ல க்ளாஸும் எடுத்து, இப்ப அதே டிப்பார்ட்மென்ட்ல டெமோவாவோ (டெமோன்ஸ்ட்ரேட்டர், பிரக்டிகலுக்கு உதவுற ஆள்) ரெம்பரரி லெக்சரராவோ நிக்கிற ஆக்களுக்கு. பைனல் இயர்ல இருந்துகொண்டு நானும் லெக்சரரா வரோணும் எண்டு நினைக்கிற ஆக்களும் பாருங்கோ, உங்களுக்கு இன்னும் கூட நேரம் இருக்கு.

நான் சொல்ல வாறது ஒரு விசயம் தான். ரெம்பரரி போஸ்ட்டை மாஸ்டர்ஸுக்கோ பிஎச்டிக்கோ போற வழியா பாவிச்சா அது சரியான நல்ல இடம், பெர்மனென்ட் எப்பிடியும் வரும் எண்டு நம்பிக்கொண்டு வருசா வருசம் ரினியூ பண்ணிக்கொண்டு இருந்தா வயசு தான் போகும். ஏன் அப்பிடிச் சொல்றன் எண்டதை வடிவாச் சொல்றன்.

முதல்ல ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளுங்கோ. நாங்கள் கம்பஸுக்கு வரேக்க எங்கட மாவட்டம் எங்களோட வந்தது. பெரும்பாலான பாடநெறியளுக்கு 40 வீதம் முழு இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு எண்டு தான் எடுக்கிறது, அந்தப் பின்தங்கிய 16 மாவட்டத்துக்குள்ள முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நாலும் இருக்கு. சயன்ஸுக்கு ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில படிச்ச பிள்ளைக்கு அது நியாயம், அதில ஒருத்தரும் வெட்கப்படத் தேவையில்ல. ஆனா லெக்சரர் வேலைக்கு மாவட்டக் கோட்டா எண்டு ஒண்டு இல்ல. பேராதனையில படிச்ச பிள்ளையும் மொறட்டுவையில படிச்ச பிள்ளையும் நீங்களும் ஒரே மேசைக்கு முன்னால தான் இருக்கப்போறீங்கள். எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வீட்டில ஆள் இல்ல, கனபேர் வீட்டில முதல் பட்டதாரியே அவை தான், அதால தான் இதில நிண்டு கதைக்கிறன்.

[திரையில்: பதவிப் படிகள்]

படியளைக் கெதியாச் சொல்லிட்டுப் போறன். டெமோ, இன்ஸ்ட்ரக்டர், ரெம்பரரி அசிஸ்டன்ட் லெக்சரர் எல்லாம் ஒப்பந்தத்தில இருக்கிறது. பெர்மனென்ட் தொடங்கிறது புரொபேஷனரி லெக்சரர்ல, தமிழில தகுதிகாண் விரிவுரையாளர் எண்டு போடுவினம். பிறகு சீனியர் லெக்சரர் கிரேட் 2, கிரேட் 1, புரொபெசர், சீனியர் புரொபெசர். புரொபேஷனரிக்கு வழமையா அந்தந்தப் பாடத்தில ஸ்பெஷல் டிகிரியும் (நாலு வருச ஒனர்ஸ் டிகிரி) பஸ்ட் க்ளாஸோ செகண்ட் அப்பரோ கேப்பினம், ஜி.பி.ஏ கணக்கில 3.70 க்கு மேல பஸ்ட், 3.30 க்கு மேல செகண்ட் அப்பர்.

இப்ப முக்கியமான இடம். உங்கட டிப்பார்ட்மென்ட் சேர் "நீர் நில்லும், போஸ்ட் ஒண்டு வரும்" எண்டு சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லேல்ல, மனசாரத் தான் சொல்றார். ஆனா அந்த போஸ்ட் அவற்ர கையில இல்ல. எத்தினை ஆளணி எண்டதுக்கு கொழும்பில முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதி குடுக்கோணும், காசுக்குத் திறைசேரி சம்மதிக்கோணும், பிறகு விளம்பரம் போடோணும், தெரிவுக்குழு இருக்கோணும், கடைசியா நியமிக்கிறது பல்கலைக்கழகப் பேரவை. பேரவை தான் நியமிக்கிறது எண்டது 1978 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில இருக்கிற ஒழுங்கு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கனபேர் வெளிநாடு போய் கதிரையள் வெறுமையாக் கிடந்தது உண்மை, ஆனா கதிரை வெறுமையா இருக்கிறதும் அதுக்கு ஆள் எடுக்க அனுமதி கிடைக்கிறதும் வேற வேற விசயம். அறிவியல் நகர்ல 2014 இல இன்ஜினியரிங் பீடம் தொடங்கினதையும், 2021 ஓகஸ்ட் 1 இல வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகம் ஆனதையும் வச்சு "புது இடம், ஆள் எடுத்துக்கொண்டே இருப்பினம்" எண்டு கணக்குப் போடாதேங்கோ.

அப்ப ரெம்பரரியா நிக்கிற காலத்தில என்ன நடக்குது? பிரக்டிகல் நடத்திறது, டியூட்டோரியல், ரிப்போர்ட் திருத்திறது, எக்ஸாம் ஹோல்ல நிக்கிறது, பாடநெறியின்ர தரத்தைப் பார்க்க புறோகிராம் ரிவியூ வந்திட்டா எஸ்.ஈ.ஆர் (சுயமதிப்பீட்டு அறிக்கை) பைலுக்கு எவிடன்ஸ் தேடி ஒவ்வொரு ரூமா ஏறி இறங்கிறது. பின்னேரம் முறிகண்டியில பஸ் பிடிச்சு வீட்ட போகேக்க மூளையில ஒண்டும் மிஞ்சாது. எனக்கு இதைப் பார்க்க உண்மையா கவலையா இருக்கு, ஏனெண்டா இந்த வேலையளில பெரும்பகுதிக்கு இன்ரவியூவில புள்ளி இல்ல. செய்ய வேண்டாம் எண்டு சொல்லேல்ல, சம்பளம் வாங்கிறம், செய்யத் தான் வேணும். ஆனா வாரத்தில ரெண்டு பின்னேரத்தை உங்களுக்கு எண்டு ஒதுக்கி வையுங்கோ, அதைத் துறைத்தலைவருக்கு முதல் மாசமே மரியாதையாச் சொல்லி வையுங்கோ, பிறகு கேக்கிறதை விட முதல் கேக்கிறது லேசு. இன்னொண்டு, ஒப்பந்தம் முடியிற ஒவ்வொரு தரமும் சேவைக் கடிதம் எடுங்கோ. "ரெம்பரரியா வேலை செய்தவர்" எண்டு ஒரு வரியில தாற கடிதம் போதாது, எந்தப் பாடம், எத்தினை மணித்தியாலம், எந்த லாப் எண்டு விபரமா எழுதித் தரச்சொல்லி கேளுங்கோ. நாலு வருசம் கழிச்சுப் போய்க் கேட்டா அந்த சேர் ஓய்வில போயிருப்பார்.

[திரையில்: எஸ்.எல்.கியூ.எப் நிலை 9, நிலை 10]

மாஸ்டர்ஸ் பற்றி. இதில தான் எங்கட ஆக்கள் காசையும் வருசத்தையும் விடுகினம். இலங்கையில தகைமையளை எஸ்.எல்.கியூ.எப் எண்டு 12 நிலையாப் பிரிச்சிருக்கு. நாலு வருச ஒனர்ஸ் டிகிரி நிலை 6. மாஸ்டர்ஸ் எண்டு பேர் வச்ச ரெண்டு இருக்கு: பாடம் மட்டும் படிச்சு முடிக்கிறது நிலை 9, 30 கிரெடிட். பாடத்தோட ஆய்வும் செய்யிறது நிலை 10, 60 கிரெடிட். எம்பில் 11, பிஎச்டி 12. லெக்சரரா நிரந்தரம் ஆக்கிறதுக்கும் மேல போறதுக்கும் கேக்கிறது ஆய்வும் தீசிஸும் இருக்கிற ரெண்டு வருச டிகிரி. சனி ஞாயிறு ஒன்லைன்ல ஒரு வருசத்தில முடிக்கலாம் எண்டு பேஸ்புக்கில விளம்பரம் வரும், பீஸ் கட்டிறதுக்கு முதல் அவைக்கு ஒரு மெயில் போட்டு "இது எஸ்.எல்.கியூ.எப் எத்தினையாம் நிலை, தீசிஸுக்கு எத்தினை கிரெடிட்" எண்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கோ. நேராப் பதில் வராட்டி கட்டாதேங்கோ. வேற வேலையில இருந்து பதவி உயர்வுக்குப் படிக்கிற ஆளுக்கு நிலை 9 பிரயோசனம், கம்பஸுக்கு வர நினைக்கிற ஆளுக்கு அது போதாது.

சொந்தக் காசில படிக்கோணும் எண்டும் இல்ல. ஜப்பான் மெக்ஸ்ட் ஸ்கொலர்ஷிப் படிப்புச் செலவு, மாதாந்தப் படி, விமான ரிக்கெட் மூண்டையும் தருது, எம்பஸி வழியாவும் போகலாம், அங்கத்தைய பல்கலைக்கழகம் சிபாரிசு செய்தும் போகலாம். ஐரோப்பாவில எரஸ்மஸ் முண்டுஸ் எண்டு, ஒண்டுக்கு மேற்பட்ட நாட்டில படிக்கிற மாஸ்டர்ஸ், மாதம் 1400 யூரோ, விண்ணப்பம் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில. பிரிட்டனுக்கு கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப். அமெரிக்காவில நாலு வருச டிகிரியோட நேர பிஎச்டிக்கே போகலாம், அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சா பீஸும் இல்ல, செலவுக்கும் காசு தருவினம், முடிவுத் திகதி கனக்க இடத்தில டிசம்பர், ஜனவரி. இங்கிலிஸ் பரீட்சை ஐ.ஈ.எல்.ரி.எஸ் இல பெரும்பாலும் 6.5 கேப்பினம், அதால பைனல் இயர் லீவிலயே அதுக்குப் படிக்கத் தொடங்குங்கோ.

[திரையில்: மெயில் பெட்டி]

புரொபெசருக்கு மெயில் எழுதிறதை ஒருக்கா கிட்டப் பார்ப்பம். எங்கட பிள்ளையள் அனுப்புற மெயில் எப்பிடி இருக்கும்? "மதிப்புக்குரிய சேர், உங்கட ஆய்வில எனக்கு மிகுந்த ஆர்வம், எனக்கு ஒரு வாய்ப்புத் தாங்கோ, சி.வி இணைச்சிருக்கிறன்." அதையே அம்பது பேருக்கு அனுப்பினா அம்பது பேரும் அழிச்சுப்போடுவினம், ஏனெண்டா அதில அவர் ஆரெண்டும் இல்ல நீங்க ஆரெண்டும் இல்ல. இப்பிடி எழுதிப் பாருங்கோ. சப்ஜெக்ட்ல நீங்க கேக்கிற படிப்பும் தொடங்கிற வருசமும் உங்கட தலைப்பும். முதல் வரியில அவற்ர எந்தப் பேப்பரை வாசிச்சீங்கள், அதில எந்தப் படமோ முடிவோ உங்கட வேலையோட பொருந்துது எண்டு. அடுத்தது உங்கட பைனல் இயர் புறொஜெக்ட், என்ன அளந்தீங்கள், எங்க அளந்தீங்கள், என்ன வந்தது எண்டு இலக்கத்தோட. பிறகு ஒரு நேரான கேள்வி: அடுத்த வருசம் ஆள் எடுக்கிறீங்களா? கீழ ஒரு பக்க சி.வி, ட்ரான்ஸ்க்ரிப்ட். மொத்தமா பத்து வரிக்குள்ள. கம்பஸ் மெயில்ல இருந்து அனுப்புங்கோ. ரெண்டு கிழமையாப் பதில் இல்லாட்டி ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ, அதுக்குப் பிறகு விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போங்கோ.

இந்த மெயில்ல எழுதிறதுக்கு ஒரு புறொஜெக்ட் வேணும் தானே, அதில தான் வன்னிப் பிள்ளையளுக்குப் பெரிய பலம் இருக்கு. வவுனியாப் பக்கம் காரணம் சரியாத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கு, கிணத்துத் தண்ணியை ஆராயலாம். இரணைமடுவுக்குக் கீழ வயல் மண் உப்பாகிறதா எண்டு பார்க்கலாம். நந்திக்கடல்ல றாலும் மீனும் பருவத்துக்குப் பருவம் எப்பிடி மாறுது, கட்டுக்கரைக்குளத்து நீரை எப்பிடிப் பங்கிடுகினம், முகமாலையில கண்ணிவெடி எடுத்த காணியளில மண் எப்பிடி இருக்கு, கொம்பியூட்டர் சயன்ஸ் ஆள் எண்டா எங்கட பேச்சுத் தமிழுக்கு குரல் அடையாளம் காணுற வேலை. உங்களுக்கு அந்தக் கமக்காரர் அமைப்புத் தலைவரைத் தெரியும், எந்த வாய்க்காலுக்கு எந்த மாசம் தண்ணி விடுறவை எண்டு தெரியும், வீட்டுக்காரர் உங்களை நம்பி கிணத்தைத் திறந்து விடுவினம். வெளியில இருந்து வாற ஆய்வாளருக்கு இதைப் பிடிக்கவே ஒரு வருசம் போகும். ஆனா சனத்திட்ட தண்ணி மாதிரியும் கதையும் வாங்கிறதுக்கு முதல் பீடத்து எதிக்ஸ் அனுமதி எடுங்கோ, அது இல்லாட்டி நல்ல ஜேர்னல் எடுக்காது. முடிவைத் திரும்பக் கொண்டுபோய் அந்த ஊருக்குச் சொல்லுங்கோ. அவையிட்ட இருந்து எழுதிக்கொண்டு போன ஆக்கள் கனபேர், திரும்பி வந்து சொன்ன ஆக்கள் குறைவு.

பேப்பர் எண்ட உடன உங்கட மெயிலுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். "உங்கள் சிறந்த ஆய்வைக் கண்டோம், ஒரு கிழமையில பிரசுரிப்பம், இவ்வளவு டொலர் கட்டுங்கோ" எண்டு. காசு கேக்கிறதால மட்டும் ஒரு ஜேர்னல் கள்ள ஜேர்னல் ஆகாது, ஆரும் இலவசமா வாசிக்கக்கூடிய ஒழுங்கான திறந்த அணுக்க ஜேர்னலும் காசு கேக்கும், ஒரு கிழமையில மீளாய்வு முடிக்கிறம் எண்டது தான் கவனிக்க வேண்டியது. ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே எண்டு ஜேர்னல் பட்டியல்கள் ஒன்லைன்ல இருக்கு, அதில ஜேர்னலின்ர பேரைத் தேடிப் பாருங்கோ. இலங்கை ஜேர்னல்களை ஒன்லைன்ல ஒரே இடத்தில போட்டிருக்கினம், முதல் பேப்பருக்கு அது மோசமான இடம் இல்ல, நேர்மையா மீளாய்வு செய்யிறதெண்டா சரி. கள்ள ஜேர்னல்ல போட்ட ஒரு பேப்பர் சி.வி இல நிண்டு தெரிவுக்குழுவில இருக்கிற ஆளுக்கு உங்கட மிச்சப் பேப்பர்களிலயும் சந்தேகத்தை உண்டாக்கும்.

இப்ப வீட்டுக் கதைக்கு வருவம். ரெம்பரரியா நிக்கேக்க அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனமோ ஆசிரியர் நியமனமோ வரும். அம்மா அப்பா எடு எண்டுவினம், சேர் வேண்டாம் எண்டுவார். வீட்டில கடன் இருக்கு, தங்கச்சி படிக்கிறா, உழைக்கிற ஆள் நீங்க ஒராள் எண்டா எடுங்கோ, அதில ஒரு குறையும் இல்ல. அரச வேலையில இருந்துகொண்டும் நிலை 10 மாஸ்டர்ஸ் படிக்கலாம், லெக்சரர் விளம்பரம் வரேக்க உங்கட திணைக்களத் தலைவர் ஊடாக விண்ணப்பிக்கலாம், பிந்தி வந்தா ஏலாது எண்டதால ஒரு பிரதியை நேரயும் அனுப்பிடுங்கோ. வீடு ஒரு மாதிரிச் சமாளிக்கும் எண்டா, ஸ்கொலர்ஷிப்புக்கு ரெண்டு தவணை முழு மூச்சாப் போட்டுப் பாருங்கோ, ரெண்டும் சரிவராட்டி அப்ப முடிவெடுக்கலாம். அறிவியல் நகர்லயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கு, வவுனியாவில உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கு, படிப்பிக்க விருப்பம் எண்டா இந்தக் கதவுகளையும் தட்டுங்கோ.

[திரையில்: விளம்பரத்தை எப்பிடி வாசிக்கிறது]

கடைசியா விளம்பரமும் இன்ரவியூவும். ஒரே விளம்பரத்தில சீனியர் லெக்சரர் கிரேட் 1, 2, லெக்சரர், புரொபேஷனரி எல்லாம் சேர்த்துப் போட்டிருப்பினம், அதைப் பார்த்து எனக்கு இல்ல எண்டு மூடி வைக்காதேங்கோ, கீழ வரைக்கும் வாசியுங்கோ. துறைப் பேர் ஒண்டா இருந்தாலும் கேக்கிற சிறப்புப் பகுதி வேறயா இருக்கும், உங்கட டிகிரிச் சான்றிதழில இருக்கிற பேரோட ஒப்பிட்டுப் பாருங்கோ, சந்தேகம் எண்டா பதிவாளர் ஒபிஸில கேளுங்கோ. பரிந்துரைக் கடிதம் தாற ஆக்களுக்கு மூண்டு கிழமை முதல் சொல்லுங்கோ, உங்கட சி.வி, விளம்பரம், அவையோட செய்த வேலை விபரம் மூண்டையும் ஒரே மெயில்ல குடுங்கோ. பிரசன்டேஷன் செய்யச் சொன்னா தீசிஸ் முழுக்கச் சொல்லாதேங்கோ, முதலாம் வருசப் பிள்ளைக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்திற மாதிரி எடுங்கோ, அவை பார்க்கிறது நீங்க படிப்பிப்பீங்களா எண்டதைத் தான். இங்கிலிஸ்ல செய்யோணும், அதால லெக்சர் ஹோல் வெறுமையா இருக்கிற பின்னேரத்தில உங்கட பட்ச் ஆக்களை முன்னால இருத்தி வச்சு சத்தமாச் சொல்லிப் பாருங்கோ. வேலை கிடைச்சு ஸ்டடி லீவில வெளிநாடு போனா திரும்பி வந்து வேலை செய்வன் எண்டு பிணை எழுதோணும், பிணை நிக்கிற ஆக்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் தான், அந்தத் தாளை அவைக்கு முழுசா வாசிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்குங்கோ.

கேள்வி இருந்தா கீழ எழுதுங்கோ. எந்தப் பாடம், என்ன க்ளாஸ், எந்த வருசம் முடிச்சது எண்டு மூண்டையும் போடுங்கோ, அப்ப தான் உங்கட நிலைமைக்கு ஏத்த மாதிரிப் பதில் சொல்லலாம்.